பக்கத்து இருக்கையின் பிரேக்

அன்புள்ள வாண்டுக்கு,

கடிதம் என்றால் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டுமாம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய், குளிருக்குத் தகுந்த காலணி வாங்கிவிட்டாய், செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் உன் மேற்பார்வையாளர் உன்னைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் நலம். உன் மாமாவும் நலம். அம்மாவைப் பற்றி அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போன வருடம் எடுத்த கட்டி திரும்ப வந்திருக்கிறது, இந்த முறை கல்லீரலில். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன், நீ மீதியைக் கற்பனை செய்துகொண்டு அழுவாய், பாதியில் அம்மா போனைப் பிடுங்கி, நான் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் நீங்கள் இருவரும் எனக்கு வைத்த பெயரைச் சொல்லி, ஒன்றுமில்லை கண்ணு, மீட்டர் உளறுது என்பாள். தபாலில் போட்டால் நாட்கள் வீணாகும் என்று தட்டச்சு செய்து அனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி, பாதியில் போனை எடுக்காதே.

போன மாதம் நீ பேசும்போது, ஏன் எப்பவும் கேமராவை ஜன்னல் பக்கமே திருப்பி வைக்கிறீர்கள், எனக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா வேண்டும் என்று கேட்டாயே, காரணம் இதுதான். அவள் முகம் இளைத்துவிட்டது, கண்ணில் லேசாக மஞ்சள் இருக்கிறது. உன் பயிற்சி பாதியில் நிற்கக் கூடாது என்பது அவள் கவலை. பாதியில் வந்தால் சான்றிதழ் கிடையாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீ சொன்னதை வைத்துக்கொண்டு உனக்குச் சொல்லவே கூடாது என்று அவள் தலைகீழாக நின்றாள். வீட்டில் மற்றதெல்லாம் பழையபடிதான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, மாற்றப் போகிறேன். உன் மாமா குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வைத்தியராகிவிட்டார் போலிருக்கிறது, வாரத்துக்கு ஒரு பொடியோடு வருகிறார். ஒரு பொடி பச்சை, ஒரு பொடி பழுப்பு, எதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் இயற்கை என்கிறார். பாம்பு விஷம்கூட இயற்கைதான் என்றேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா அந்தப் பொடியை வாங்கித் தலைமாட்டில் அடுக்கி வைத்துக்கொள்கிறாள், குடிப்பதில்லை. தம்பி மனசு கோணக் கூடாதாம். டிரைவிங் ஸ்கூலில் தன்னிடம் படிக்கிறவர்களை ஒவ்வொருவராக இன்னொரு ஆசிரியருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிகிச்சைக்காக விடுப்பு எடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் ஒரு புதிய மருந்தைச் சொல்லியிருந்தார். ஊசி வழியாக ஏற்றுவது, முதல் தடவை கொடுத்ததைவிடக் கடுமையானது, குணமாக்காது, நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நான் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். எந்தத் தேதியில் தொடங்கலாம், எனக்கு எந்த வாரம் விடுப்பு கிடைக்கும், ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் படுப்பது என்று எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பழுதானால் சரிசெய்ய வேண்டியதுதானே என்று இருந்தேன். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலையில், டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் பயிற்சி வண்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கடற்கரைச் சாலையில் போகலாம், கிளம்பு என்றாள். நான் மாட்டேன் என்றேன். என்னைப் பற்றித்தான் தெரியுமே, அந்தச் சாலையில் பார்க்க என்ன இருக்கிறது, பாறை, பாறைக்குக் கீழே தண்ணீர், அப்புறம் மறுபடி பாறை. எவ்வளவு தூரம், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கேட்டேன். ரோடு முடியற வரைக்கும் என்றாள். அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்படியானால் நான் உட்கார வேண்டியது அவளுடைய இடம், ஆசிரியர் உட்காரும் இடம், காலுக்குக் கீழே இன்னொரு கிளட்சும் இன்னொரு பிரேக்கும் இருக்கும் இடம். நான் அவளிடம் வண்டி கற்றுக்கொண்ட காலத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறியதே இல்லை, ஏறினாலும் பின்னால்தான். என் சீட்டுல உக்காந்து பாரு என்றாள். "இருவது வருஷமா வண்டியிலயே இருக்கேன், ஆனா ஓட்டினதில்ல. அடுத்தவங்க ஓட்டறத நிறுத்திக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்."

ஊர் தாண்டி, உப்புக் காற்றில் துருப்பிடித்த கிடங்குகளைத் தாண்டியதும் சாலை ஏற ஆரம்பித்தது. ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவர், கல் உருண்டு விழாமலிருக்க இரும்பு வலை போட்டு ஆணி அடித்திருக்கிறார்கள், வலைக்குள்ளே உதிர்ந்த கற்கள் பை பையாகத் தொங்குகின்றன. இன்னொரு பக்கம், என் பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, நேராகக் கடல். கீழே கறுப்புப் பாறைகள், பறவை எச்சம் பட்டு உச்சி மட்டும் வெள்ளை, நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி நிற்கின்றன. வானம் முழுக்கச் சாம்பல் நிறம். வெயில் இருந்தால் அழகாக இருக்குமோ என்னவோ, அன்றைக்கு எல்லாம் ஈரமான இரும்பு மாதிரி இருந்தது. நான் எரிபொருள் முள்ளையும் வெப்பமானி முள்ளையும் பார்த்துக்கொண்டு வந்தேன். எரிபொருள் முள் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது, தொட்டியில் அதைவிட அதிகமாகவே இருக்க வேண்டும் என்றேன். முள்ளைப் பாக்காத, வெளிய பாரு என்றாள். உன் அம்மா ஓட்டி நான் பார்த்ததில்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் தொடாமல், தண்ணீர் வழிந்து போகிற மாதிரி போகிறாள். அவளிடம் கற்றுக்கொண்டவன் நான், கல்யாணத்துக்குப் பிறகும் அவளை நீங்கள் என்றே கூப்பிடுகிறவன், ஆனால் நான் ஓட்டும் விதம் உனக்குத் தெரியும், கல் மூட்டையை உருட்டுகிற மாதிரி. முதல் தடவை தேர்வில் நான் தோற்றபோது, உனக்கு வண்டி ஓட்ட வரும், காத்திருக்கத்தான் வராது என்று சொன்னவள் அவள்.

வழியில் ஒரு இடத்தில் பாறையில் ஓட்டை இருக்கிறது. அலை உள்ளே போனால் மேலே நீர் பீச்சியடிக்கும், அதைப் பார்க்க வண்டிகளை ஓரங்கட்டுகிறார்கள். அங்கே நிறுத்தினோம். எங்கள் வண்டிக் கூரையில் பயிற்சி வண்டி என்று பலகை இருக்கிறதல்லவா, அதைக் கழற்ற முதலாளி மறந்துவிட்டார். பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு ஆள், முன் தொப்பை, கையில் பெரிய கேமரா, அம்மாவிடம் வந்து, பயப்படாதீங்கம்மா, இந்த வயசுல கத்துக்கறதே பெரிய விஷயம், இந்த ரோட்டுல ஓட்டினா எங்க வேணா ஓட்டலாம் என்று ஊக்கம் கொடுத்தார். அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி, சார் நீங்களும் கொஞ்சம் பொறுமையா சொல்லிக் குடுங்க, முகத்த இப்படி வெச்சிருந்தா யாருக்கு ஓட்ட வரும் என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். ஆமாங்க, சார் ரொம்பக் கோவக்காரர், வாயத் தொறந்தா திட்டுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். வண்டியில் ஏறிய பிறகு ரொம்ப நேரம் சிரித்தாள், சிரித்தால் வயிற்றில் வலிக்கிறது, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நாளில் நல்லது என்று சொல்ல இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மத்தியானம் சாலையோரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, தகரக் கூரை, நாலு மேசை, கடல் பக்கம் கண்ணாடி ஜன்னல், அதில் உப்புப் படிந்து வெளியே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. வறுத்த மீன் கேட்டு வாங்கினாள். ஆசையாகத்தான் வாங்கினாள். மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு, முள் அதிகம் என்று மீதியை என் தட்டில் தள்ளினாள். அதில் முள்ளே இல்லை. நான் அதையும் தின்றேன். நாளைக்கு மருத்துவரிடம் பசியின்மையைச் சொல்ல வேண்டும், மருந்து தொடங்குவதற்கு முன்னால் எடையைக் கூட்ட வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். அழுக்கு வெளிப்பக்கம், உள்ளே துடைத்து என்ன பயன் என்றேன். தெரியுது, சும்மா துடைச்சேன் என்றாள்.

கடையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு வளைவு, எதிரே வருவது தெரியாது. வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, வளைவுக்குள் நுழைந்தபடியே, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள், அந்த மருந்து எனக்கு வேணாம், நாளைக்கு டாக்டர் கிட்ட சொல்லிடப் போறேன். என் கால் இறங்கிவிட்டது. நான் அழுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, அடியில் பெடல் இருந்தது, கால் அழுத்திவிட்டது. வண்டி நடு வளைவில் குலுங்கி நின்று இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்த லாரி போட்ட பிரேக்கின் சத்தம் பாறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்தால் லாரியின் முகம் மட்டும்தான், வானம்கூடத் தெரியவில்லை. லாரிக்காரர் குதித்து இறங்கி வந்தார். பலகையைப் பார்த்திருப்பார், அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை, நேராக என் ஜன்னலுக்கு வந்தார். என்ன சார், அந்தம்மா ஒழுங்காத்தான ஓட்டுச்சு, கத்துக் குடுக்கற நீங்களே கொல்லப் பாக்கறீங்களே, வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இல்லியா என்று கேட்டார். அம்மாதான் மன்னிச்சுக்குங்கண்ணே, எங்க தப்புதான் என்றாள். அவர் போன பிறகு சாவியைத் திருப்பினாள். வண்டி நகரவில்லை, என் கால் இன்னும் பெடல் மேல் இருந்தது. கால எடு என்றாள். எடுக்கவில்லை. மறுபடியும் சொன்னாள். நான் கீழே காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. அப்போது சத்தம் போடாமல் சொன்னாள்: "முன்னால இருக்கறத பாக்காம ஓட்டறவங்களுக்குத்தான் அந்த பிரேக். நான் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் ஓட்டறேன். கால எடு." பின்னால் லாரி ஹாரன் அடித்தது. காலை எடுத்தேன்.

கொஞ்சம் தள்ளி, கடல் பக்கமாக வண்டி ஒதுக்க ஒரு இடம் இருந்தது, அங்கே நிறுத்தினாள். நான் பேசினேன். வாண்டு, நீ இப்போது என்னவெல்லாம் சொல்ல நினைக்கிறாயோ அதையெல்லாம் நான் அங்கேயே சொல்லிவிட்டேன், இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம், வேறு ஊருக்குப் போகலாம், மருந்தின் அளவைக் குறைத்துக் கேட்கலாம், ஒரு தடவை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், எத்தனை பேருக்கு வேலை செய்திருக்கிறது தெரியுமா, உங்களுக்கு எங்கள் மேல் பாசம் இருந்தால் இப்படிப் பேசுவீர்களா. ஆமாம், கடைசியில் அதையும் சொன்னேன், உன் பெயரையும் இழுத்தேன். தேர்வில் தோற்றவன் காரணம் சொல்லும்போது கேட்பாளே, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல், அப்படியே கேட்டாள். முடித்துவிட்டாயா என்றாள். அப்புறம் முதல் மருந்து ஓடிய மாதங்களைப் பற்றிச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், கூடவே இருந்தவன்தானே. தண்ணீர்கூட இரும்பு மாதிரி இருந்ததாம். நீ போனில் பேசியதில் பாதி அவளுக்கு நினைவே இல்லையாம், உனக்குப் பயிற்சி இடம் கிடைத்ததைச் சொன்ன அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாதாம், கேட்க வெட்கப்பட்டு, தெரிந்த மாதிரியே இருந்துவிட்டாளாம். "அந்த மாசத்த எனக்கா தர்றாங்க? ஆஸ்பத்திரிக்குத் தர்றாங்க. எனக்குக் கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சு இருக்கணும்." நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கிறவன், ஒரு முள் தப்பாகக் காட்டினால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது. அவள் சொன்னதில் தப்பு தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதுதான் கோபம். இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரை உதைத்தேன், கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. சுவத்துக்கு ஒண்ணும் ஆகலியே என்று கேட்டாள்.

சாலை ஒரு முனையில் முடிகிறது, வண்டி திருப்ப ஒரு வட்டம், மூடிக் கிடக்கும் ஒரு கலங்கரை விளக்கம், காற்று. வேறொன்றும் இல்லை. இறங்கவில்லை. காற்றில் நிற்க அவளால் முடியாது. கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்தாள், அலை பாறையில் ஏறி ஏறி வெள்ளையாக வழிந்தது. திரும்பும்போது கடல் என் பக்கம் வரும், அதுக்குத்தான் வந்தேன் என்றாள். ஆனால் திரும்பும் வழியில் பாதி தூரம்கூட அவளால் வர முடியவில்லை. பழைய மருந்து விட்டுப்போன மிச்சம், விரல் நுனி மரத்துப்போகிறது, ஸ்டியரிங் பிடித்திருப்பது தெரியவில்லை என்று ஓரங்கட்டினாள். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்தாள், நான் அந்தப் பக்கம் போனேன். அதோடு கடல் என் பக்கம் வந்துவிட்டது, அவள் பக்கம் பாறைச் சுவரும் இரும்பு வலையும். நான் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, எட்டிப் பிடித்து ஓட்டினேன், என் தலை அவளுக்குக் கடலை மறைக்கக் கூடாது என்று. இப்படி உக்காந்து ஓட்டினா எவனும் பாஸ் போட மாட்டான் என்றாள். ஆனால் பார்த்துக்கொண்டு வந்தாள். மெதுவாகத்தான் ஓட்டினேன், எனக்கே ஆச்சரியம், பின்னால் வந்தவன் எல்லாம் திட்டிவிட்டு முந்திப் போனான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் உன் பேச்சு வந்தது. குழந்தைக்கு எதுவும் எழுதாதே, பல்லைச் செய்யட்டும், பயிற்சியை முடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எதைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுத்தது போல இதிலும் விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "உங்க உடம்பு உங்களோடது. அதுல நான் இனி பேசல. ஆனா அவளோட அம்மா அவளோடது. அத நீங்க எடுத்து வெச்சுக்க முடியாது." ஒரு சுரங்கப்பாதை வந்தது, போனது. அழுகிறாளோ என்று பயந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. வெகுதூரம் போன பிறகு, எழுதறதா இருந்தா முழுசா எழுது என்றாள். பாதி சொன்னா மீதிய அவ இன்னும் மோசமா நெனச்சுக்குவா, அவ சின்ன வயசுலயே அப்படித்தான். அதனால்தான் மீன், பலகை, லாரி என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதும் பழக்கம் ஏது.

மறுநாள் மருத்துவரிடம் சொன்னாள். அவர் வாதாடுவார் என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன், அவர் வாதாடவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு, சரிம்மா, வலி இல்லாம பாத்துக்கலாம் என்றார். அவள் வெளியே போன பிறகு நான் உள்ளே நின்று எவ்வளவு காலம் என்று கேட்டேன், அளவு கேட்காமல் என்னால் இருக்க முடியாது. யாருக்கும் நாள் குறித்துச் சொல்ல முடியாது என்றார். விடாமல் நின்றேன். வருஷக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு, அதிலும் நடமாட்டத்தோடு இருக்கப்போவது முதல் கொஞ்ச மாதம் என்றார். இது எனக்கும் உனக்கும் மட்டும் என்று எழுத நினைத்தேன், ஆனால் அம்மாவுக்கும் தெரியும், கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னோம். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார், ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சொட்டுகிற குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து அதை மாட்டினோம், இன்னும் சொட்டுகிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் மேற்பார்வையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல், வயிற்றுவலி கல்யாணம் என்று கதை கட்டாதே. பயிற்சியை நிறுத்திவைத்து அப்புறம் தொடர வழி இருக்கிறதா என்று கேள், இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதலிலிருந்து செய், பல் எங்கேயும் ஓடிப்போகாது. வரும்போது சிகிச்சை பற்றிய காகிதம் எதையும் எடுத்துவராதே. அவள் மனதை மாற்றப் போகிறேன் என்று கிளம்பாதே, அதற்கு நான் போதும், நான் தோற்றுவிட்டேன். கதவைத் திறக்கும்போது அவளைப் பார்த்து முகம் மாறாதே, அதற்கு இப்போதிருந்தே உன்னைத் தயார் செய்துகொள். மாறினாலும் பரவாயில்லை, உடனே உள்ளே வந்துவிடு, வாசலில் நிற்காதே. அவள் தூங்கும்போது எழுப்பலாம், எழுப்பினால் கோபப்படுவதில்லை. உனக்குப் பயிற்சி இடம் கிடைத்த அன்றைக்குப் போனில் அவளிடம் என்ன சொன்னாய் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு வா, அதை அவளிடம் மறுபடி ஒருமுறை சொல், அவள் மறந்தது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நீயாகச் சொல்.

எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்போடும் மனதில் துணிச்சலோடும் நீ இருக்க வேண்டும், நான் உன்னைப் பெற்றவன் இல்லை என்றாலும் இந்த வாழ்த்தைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். மறக்காதே, போன் செய்தால் முதலில் என் வேலை இடத்துக்குச் செய், ஆய்வகத்தில் மேசை மேல் இருக்கும் எண், உன்னிடம் இருக்கிறது. அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது, பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு வீட்டுக்குப் பேசு.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தாள். லாரிக்காரர் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை என்றாள். மீனைப் பாதிக்கு மேல் சாப்பிட்டேன் என்றாள், பொய். அப்புறம், கடைசில ஒரு வரி மட்டும் சேத்துடு என்றாள். "வர்றதும் வராததும் உன் இஷ்டம்னு போடு. அவ மேல பாரத்தத் தூக்கி வைக்காத." போட மாட்டேன் என்றேன். மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உன் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, மெத்தை விரிப்பை உருவிக்கொண்டிருக்கிறாள், துவைக்கப் போடுவதற்கு.

அந்த வரியை நான் சேர்க்கவில்லை. வா.

இப்படிக்கு,
மீட்டர்